பரணில் கிடக்கும் பழைய ரேஸ் கார் பொம்மை: பெயின்ட்டை உரிக்கும் முன் இதைப் படிங்க!

பொங்கலுக்கு முன்னாடி வீட்டைச் சுத்தம் செய்யும்போது பரணில் இருந்து ஒரு தகர டப்பா இறங்கும். உள்ளே உடைந்த பம்பரம், கோலிக்குண்டு, அதற்கு நடுவே கனமான ஒரு குட்டி கார். பெயின்ட் பாதி உரிந்திருக்கும், டயர் காய்ந்து வெடித்திருக்கும். அப்பாவோ தாத்தாவோ சின்ன வயதில் உருட்டி விளையாடியது.

மதுரையில் இந்த காருக்குப் பெரும்பாலும் இரண்டே வழிதான். ஒன்று, பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகும். இன்னொன்று, வீட்டில் இருக்கும் கல்லூரி மாணவர் யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு, "இதை அப்படியே புது ரேஸ் காரா மாத்திடலாம்" என்று தின்னர் பாட்டிலைத் திறப்பார்.

இரண்டாவது வழி நல்ல வழிதான். ஆனால் அதில் திரும்பி வர முடியாத ஒரு கட்டம் இருக்கிறது. ஒரிஜினல் பெயின்ட்டை ஒருமுறை உரித்துவிட்டால், உலகத்தில் யார் நினைத்தாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் எந்த காரை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது, மாற்றுவதாக இருந்தால் பாதுகாப்பாக எப்படிச் செய்வது? விரிவாகப் பார்க்கலாம்.

டைகாஸ்ட் கார் என்றால் என்ன?

உருக்கிய உலோகத்தை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்ப்பதுதான் டைகாஸ்டிங். குட்டி கார்களுக்குப் பயன்படுவது இரும்பு கிடையாது. துத்தநாகக் கலவை. இதற்கு 'ஸமாக்' என்று பெயர். துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியமும், கொஞ்சம் மக்னீசியமும் தாமிரமும் சேரும். இந்த உலோகங்களின் ஜெர்மன் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து உருவானதுதான் ஸமாக் என்ற பெயர்.

இந்தக் கலவை 400 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகிவிடும். அதனால் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கான கார்களை வார்க்கலாம். விலையும் குறையும், கதவு கைப்பிடி போன்ற சின்ன விவரமும் அச்சில் துல்லியமாக விழும்.

பிரிட்டனின் லிவர்பூல் நகரில் 1934ல் 'டிங்கி டாய்ஸ்' என்ற பெயர் வந்தது. 1953ல் 'மேட்ச்பாக்ஸ்', 1956ல் 'கார்கி', 1968ல் அமெரிக்காவின் 'ஹாட் வீல்ஸ்' என்று வரிசையாக வந்தன. டிங்கியின் லிவர்பூல் தொழிற்சாலை 1979ல் மூடப்பட்டது.

நம்ம ஊர் வீட்டுக்கு இந்த கார்கள் எப்படி வந்தன?

வெளிநாட்டில் இருந்து வந்த உறவினர் பெட்டியில் வந்தவை ஒரு பங்கு. ஆனால் பலருக்குத் தெரியாத இன்னொரு கதையும் இருக்கிறது.

பிரிட்டனில் டிங்கி நிறுவனம் பயன்படுத்தி முடித்த அச்சுகளில் சில 1960களின் கடைசியில் கல்கத்தாவுக்கு வந்தன. அந்த அச்சுகளை வைத்து 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் ஜாகுவார் உள்ளிட்ட கார்கள் இந்தியாவிலேயே வார்க்கப்பட்டன. அதே கல்கத்தாவில் 'மில்டன்', 'மேக்ஸ்வெல்' என்ற பெயர்களிலும் குட்டி கார்கள் வந்தன. பிறகு 'லியோ' பெயரில் ஹாட் வீல்ஸ் கார்கள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன.

அன்றைக்கு அவை சாதாரண விளையாட்டுப் பொருள். இன்றைக்கு வெளிநாட்டு ஏல நிறுவனங்களின் பட்டியலில் நிக்கி டாய்ஸ் தனிப் பெயரோடு இடம்பெறுகிறது. காரணம், ஒரே அச்சு, ஆனால் இந்தியாவில் அடித்த நிறம், இந்தியாவில் அச்சிட்ட பெட்டி. பரணில் கிடப்பது அந்த வகையாக இருந்தால், அதன் மேல் ஒட்டியிருக்கும் அந்தப் பழைய பெயின்ட்தான் அதன் அடையாள அட்டை.

பெயின்ட்டைத் தொடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

"ஆழம் தெரியாம காலை விடாதே" என்பது இந்த வேலைக்கும் பொருந்தும். முதலில் நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள்.

1. காரைக் கவிழ்த்து அடித்தட்டைப் படியுங்கள். தயாரித்த நிறுவனம், நாடு, மாடல் பெயர், எண் ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எழுத்து இருக்க வேண்டிய இடம் சுரண்டப்பட்டு வெறுமையாக இருந்தாலும் அதுவும் ஒரு தகவல்தான். வேறு நிறுவனத்தின் அச்சு கைமாறியபோது பழைய பெயரை அழிப்பது உண்டு.

2. காந்தத்தை வைத்துப் பாருங்கள். துத்தநாகக் கலவையில் காந்தம் ஒட்டாது. அடித்தட்டில் ஒட்டினால் அது தகரம். பல பழைய மாடல்களில் அடித்தட்டு தகரமாகத்தான் இருக்கும். உடம்பிலேயே காந்தம் ஒட்டினால் அது டைகாஸ்ட் கார் கிடையாது, தகரப் பொம்மை. அதற்கு வேறு மாதிரியான பராமரிப்பு வேண்டும்.

3. வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உடம்பு முழுக்க மெல்லிய கோடுகள், பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம், காரே லேசாக வளைந்தோ உப்பியோ இருப்பது போன்ற அறிகுறிகள் தெரிந்தால் அது உலோகத்துக்கு வந்த நோய். இதைப் பற்றி அடுத்த பகுதியில் பார்க்கலாம்.

4. பெயின்ட் ஒரிஜினலா என்று பாருங்கள். ரிவெட் தலையைச் சுற்றியும், சன்னல் ஓரங்களிலும், காருக்கு உள்பக்கமும் ஒரே மாதிரி நிறம், ஒரே மாதிரி தேய்மானம் இருந்தால் பெரும்பாலும் ஒரிஜினல். ஒரு அடுக்குக்குக் கீழே வேறு நிறம் எட்டிப் பார்த்தால், யாரோ ஏற்கெனவே ஒருமுறை பிரஷ்ஷால் அடித்திருக்கிறார்கள்.

துத்தநாகத்துக்கு நோய் வருமா?

வரும். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் மிகக் கொஞ்சம் கலந்திருந்தாலும் போதும். வருடக்கணக்கில் ஈரப்பதம் படப்பட, உலோகத்தின் நுண்ணிய மணிகளுக்கு இடையே அரிப்பு ஏற்படும். வெளியே நன்றாகத் தெரியும் கார், ஒருநாள் கையில் எடுத்ததும் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். இரண்டாம் உலகப் போருக்கு முன் வந்த பொம்மைகளில் இது அதிகம். இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் மிகத் தூய்மையான துத்தநாகத்தை வைத்து 1929ல் ஸமாக் கலவை உருவாக்கப்பட்டது.

இதற்கு மருந்து கிடையாது. பட்டி பூசி மறைத்தாலும் உள்ளே அரிப்பு தொடரும். அப்படிப்பட்ட காரைப் பிரிக்காமல், ஈரம் படாத இடத்தில் அப்படியே வைப்பதுதான் வழி. மழைக்காலத்தில் ஒழுகும் பரணும், குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் இதற்கு எதிரிகள்.

எந்த காரை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

பெட்டியோடு இருக்கும் கார், ஒரிஜினல் பெயின்ட் பெரும்பகுதி ஒட்டியிருக்கும் கார், இந்தியாவில் வார்க்கப்பட்ட பழைய மாடல் ஆகிய மூன்றையும் தொடாதீர்கள். "அங்கங்கே உரிஞ்சிருக்கே, அசிங்கமா இருக்கே" என்று தோன்றலாம். சேகரிப்பவர்களின் கணக்கு வேறு. பொதுவாக, கீறல் விழுந்த ஒரிஜினலுக்கு இருக்கும் மதிப்பு, பளபளவென்று இருக்கும் மறுபெயின்ட்டுக்குக் கிடையாது.

நிஜக் கார்களிலும் இதே கதைதான். 1956ல் பிரான்ஸின் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்த ஜாகுவார் டி-டைப் கார், 2016ல் அமெரிக்காவில் 2 கோடியே 17 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது. ஓடி ஜெயித்த அதே கார், பெரிய மாற்றம் இல்லாமல் பிழைத்திருந்ததுதான் அந்த விலைக்கு முக்கியக் காரணம்.

சரி, அப்போ எதை மாற்றலாம்? பெயின்ட் முக்கால்வாசி போனது, ஏற்கெனவே யாரோ பெயின்ட் அடித்துக் கெடுத்தது, கண்ணாடியும் சக்கரமும் காணாமல் போனது, அல்லது இப்போதும் கடையில் எளிதாகக் கிடைக்கும் மாடல். இவைதான் சரியான தேர்வு. முதல் தடவை கை வைப்பவர்கள் பரணில் இருக்கும் தாத்தா காரில் தொடங்க வேண்டாம். புதிதாக ஒரு ஹாட் வீல்ஸ் வாங்கி அதில் பழகுங்கள்.

எந்த ரேஸ் காராக மாற்றுவது?

ரேஸ் என்றதும் தமிழ்நாட்டுக்குச் சொந்தக் கதை உண்டு. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்த போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. 1990ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனி ரேஸ் டிராக் வந்தது. கோவை நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் 3வது இடம் பிடித்தது பலருக்கு நினைவிருக்கும்.

பழைய டைகாஸ்ட் காரை மாற்ற உதாரணமாக எடுத்துக்கொள்ளத் தகுந்தது மேலே சொன்ன அதே ஜாகுவார் டி-டைப். 1955, 1956, 1957 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் லு மான் பந்தயத்தில் ஜெயித்த கார் இது. டிங்கி நிறுவனம் 1957ல் இதைக் குட்டி காராக வெளியிட்டது. நீலமும் பச்சையும் கலந்த டர்க்காய்ஸ் நிறம், உள்ளே வெள்ளை உடையில் ஓட்டுநர்.

ஆனால் நிஜத்தில் 1956ல் ஜெயித்த கார் அந்த நிறம் கிடையாது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த 'எகூரி எகோஸ்' அணியின் அடர் நீலம். பக்கவாட்டில் வெள்ளை வட்டத்துக்குள் எண் 4. அந்த ஆண்டு மாறிய விதிப்படி ஓட்டுநருக்கு முன்னால் முழு அகலத்துக்குக் கண்ணாடி. பெயின்ட் போன பழைய டி-டைப் ஒன்று கிடைத்தால், பொம்மை நிறத்தில் இருந்து நிஜக் காரின் நிறத்துக்கு மாற்றுவதுதான் இந்த வேலையின் சுவாரஸ்யமே.

பிரிப்பது எப்படி?

பழைய டைகாஸ்ட் கார்களில் ஸ்க்ரூ இருக்காது. உடம்பில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னத் தூண், அடித்தட்டின் ஓட்டை வழியாக வெளியே வந்து, தலை நசுக்கப்பட்டிருக்கும். அதுதான் ரிவெட்.

முதலில் ரிவெட் தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் வைத்து லேசாக ஒரு தட்டு. அந்தக் குழியில் டிரில் பிட் நின்றால் வழுக்காது. தூணைவிடக் கொஞ்சம் பெரிய பிட் வைத்து, மெதுவான வேகத்தில், தலை மட்டும் உதிரும் வரை துளையிட வேண்டும். தூணையே தின்றுவிடக் கூடாது. துத்தநாகம் மென்மையானது, வேகமாக ஓட்டினால் ஒரு நொடியில் உள்ளே இறங்கிவிடும்.

பிறகு தூணின் நடுவில் 1.6 மி.மீ. துளை போட்டு, 2 மி.மீ. மரை போட்டால், கடைசியில் காரை ஸ்க்ரூவால் மூடிக்கொள்ளலாம். மரை போடும் டேப் கையில் இல்லாதவர்கள் லேத் பட்டறையில் கொடுத்துச் செய்யலாம். நகைத் தொழிலாளர்கள் பயன்படுத்தும் சின்னக் கை டிரில்லும் இந்த வேலைக்குச் சரியாக இருக்கும். நகைக்கடைகள் நிறைந்த தெற்காவணி மூலவீதி பக்கம் இதுபோன்ற கருவிகளை விசாரிக்கலாம்.

முக்கியம்: பிரிப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த அச்சு முன்னாடி, எது பின்னாடி என்பது இரண்டு வாரம் கழித்து நினைவிருக்காது.

பெயின்ட்டை உரிப்பதில் என்ன ஆபத்து?

இந்த வேலையில் உடம்புக்கு ஆபத்து இருக்கும் கட்டம் இதுதான். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தைய பொம்மைக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. ரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் பாதிக்கும்.

அதனால் செய்யக் கூடாதவை:

உப்புத்தாளை வைத்துக் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். தூசு பறந்து மூச்சிலும் சாப்பாட்டிலும் சேரும். தேய்க்க வேண்டும் என்றால் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

தீயில் காட்டிப் பெயின்ட்டை எரிக்காதீர்கள். ஈயப் புகை வரும், காரும் உருகும்.

காஸ்டிக் சோடாவில் இரவு முழுக்க ஊறவைக்காதீர்கள். "அடைப்பு எடுக்கிற பவுடர் போட்டா பெயின்ட் தானா கழண்டுடும்" என்று சொல்வார்கள். கழன்றுவிடும், உண்மைதான். ஆனால் துத்தநாகமும் அலுமினியமும் காரத்தில் கரையும் உலோகங்கள். ஹைட்ரஜன் வாயு குமிழியிடும், கார் கறுத்து, நுணுக்கமான வேலைப்பாடு மழுங்கிவிடும். கழிப்பறை ஆசிட் இதைவிட மோசம்.

செய்ய வேண்டியவை: பெயின்ட் கடையில் கிடைக்கும் ஜெல் வகை பெயின்ட் ரிமூவரை மொட்டைமாடியில், காற்றோட்டத்தில், கெட்டியான ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பயன்படுத்தலாம். டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். அது கலந்த ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்க அமெரிக்கா 2019லேயே தடை போட்டது. மூடிய அறையில் அதன் ஆவி உயிருக்கே ஆபத்து. அது இல்லாத வகையாகப் பார்த்து வாங்குவது நல்லது.

உரிந்த பெயின்ட்டைப் பழைய பேப்பரில் வழித்து, பாலிதீன் பையில் கட்டித் தனியாக வையுங்கள். சமையலறை சிங்க்கில் கழுவாதீர்கள். வேலை முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் டீ கிளாஸைத் தொட வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

மதுரை வெயிலில் பெயின்ட் அடிப்பது எப்படி?

உரித்த காரை சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகு வெறும் கையால் தொடாதீர்கள். விரலில் இருக்கும் எண்ணெய் போதும், பெயின்ட் பிடிக்காமல் போக. துத்தநாகத்தின் மேல் நேரடியாகக் கலர் அடித்தால் சீக்கிரம் தோல் மாதிரி உரியும். உலோகத்துக்கான பிரைமர் மெல்லிசாக ஒரு கோட் கட்டாயம். கிரில் கதவுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு இதற்கு வேண்டாம். அது கனமாகப் படிந்து கதவுக் கோடு, போல்ட் தலை எல்லாவற்றையும் மூடிவிடும்.

அடுத்தது கலர். கார் பெயின்ட் கடைகளில் நிறத்தைக் காட்டிக் கலக்கித் தரச் சொல்லி, குறைந்த அளவு வாங்கினால் போதும். ஒரு குட்டி காருக்குச் சில மில்லிதான் செலவாகும். ஸ்ப்ரே கேனாக இருந்தால் சுமார் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் வீசி அடிக்க வேண்டும். ஒரு கனமான கோட்டைவிட நான்கு மெல்லிய கோட் நல்லது.

ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பி.யு. பெயின்ட்டை வீட்டில் முயற்சிக்க வேண்டாம். அதில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. அந்தப் பளபளப்புத்தான் வேண்டும் என்றால், டிங்கரிங் பட்டறையில் அதே நிறத்தில் வேறு வண்டிக்கு அடிக்கும்போது இதையும் சேர்த்து அடித்துத் தரச் சொல்லலாம்.

இனி நம்ம ஊர் வானிலை. சித்திரை மதிய வெயிலில் அடித்தால், பெயின்ட் காரைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து, மேற்பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால், காற்றின் ஈரம் படிந்து வெள்ளை பூத்த மாதிரி மங்கும். ஆடிக் காத்தில் மொட்டைமாடியில் அடித்தால் கேட்கவே வேண்டாம், தெருப் புழுதி முழுக்க காரின் மேல்தான். மழை இல்லாத நாளில், காலை எட்டு, ஒன்பது மணிக்குக் காற்று அடங்கிய நேரமே சரி. அடித்த உடனே ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவைத்தால் தூசு விழாது.

எண், கோடு, ஓட்டுநர்: நுணுக்க வேலை

முதலில் கணக்கு. டிங்கி காலத்து கார்கள் பெரும்பாலும் 1:43 அளவுக்கு அருகில் இருக்கும். அதாவது நிஜக் காரில் 43 செ.மீ. இருப்பது இங்கே 1 செ.மீ. நிஜத்தில் 45 செ.மீ. அகலமுள்ள வெள்ளை வட்டம், மாடலில் ஒரு செ.மீ.க்குச் சற்று அதிகமாக வரும். இந்தக் கணக்கைப் போடாமல் கண்ணளவில் பெரிய வட்டம் ஒட்டினால், கார் உடனே பொம்மை மாதிரி தெரியும்.

எண்ணுக்குச் சிறந்தது, தண்ணீரில் ஊறவைத்து நழுவவிட்டு ஒட்டும் டீக்கல் தாள். இந்தத் தாளை ஆன்லைனில் வாங்கி, லேசர் பிரின்டரில் அடிக்கலாம். சாதாரண பிரின்டரில் வெள்ளை மை கிடையாது என்பதை மறக்காதீர்கள். அடர் நீலத்தின் மேல் வெள்ளை வட்டம் வேண்டும் என்றால், வெள்ளை டீக்கல் தாளாக வாங்க வேண்டும் அல்லது வட்டத்தை முதலில் வெள்ளைப் பெயின்ட்டில் அடித்துவிட வேண்டும். பைக்குக்கு ஒட்டும் வினைல் ஸ்டிக்கர் இந்த அளவுக்குத் தடிமன் அதிகம், ஓரம் தூக்கித் தெரியும்.

ஓட்டுநரின் முகம், ஹெல்மெட், ஸ்டீயரிங் எல்லாம் மெல்லிய பிரஷ் வேலை. மதுரையை ஒட்டிய விளாச்சேரியில் கொலு பொம்மைகளுக்குக் கண் எழுதும் கலைஞர்களைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். கை நடுங்காமல் இருக்க, கையை எங்காவது ஊன்றிக்கொண்டு பிரஷ்ஷை விரலால் மட்டும் நகர்த்துவதுதான் சூட்சுமம். இங்கேயும் அதேதான்.

முன்கண்ணாடிக்குப் புதுச் சட்டைப் பெட்டியில் வரும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் துண்டு போதும். முதலில் காகிதத்தில் வெட்டி வைத்துப் பார்த்து, சரியாகப் பொருந்திய பிறகு பிளாஸ்டிக்கை வெட்டுங்கள். ஃபெவிக்விக் போட்டு ஒட்டினால் அதன் ஆவி கண்ணாடியை வெள்ளையாக்கிவிடும். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசையே நல்லது.

காய்ந்து வெடித்த டயருக்கு மாற்று டயர்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன. அளவு பொருந்தினால் ரப்பர் கடையில் கிடைக்கும் ஓ-ரிங்கையும் மாட்டலாம். எல்லாம் முடிந்து, டீக்கல் மேல் மெல்லிசாக ஒரு கிளியர் கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்க்ரூ போட்டு மூடினால் கார் ரெடி.

குழந்தைக்கு விளையாடக் கொடுக்கலாமா?

வேண்டாம். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டில் மாற்றிய காருக்கு அந்தச் சோதனை எதுவும் நடக்கவில்லை. மூலை முடுக்கில் பழைய பெயின்ட் மிச்சம் இருக்கலாம், சின்ன உதிரிப் பாகம் கழன்று வாய்க்குள் போகலாம். இது கண்ணாடி அலமாரிக்கான கார். பேரனுக்கு உருட்டி விளையாட முத்திரை உள்ள புது கார் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

மாற்றிய காரை விற்கலாமா? ஏமாறாமல் வாங்குவது எப்படி?

தாராளமாக விற்கலாம். ஒரே நிபந்தனை, இது மறுபெயின்ட் செய்தது என்று சொல்லி விற்க வேண்டும். அடித்தட்டின் உள்பக்கம், வேலை செய்த ஆண்டையும் 'மறுபெயின்ட்' என்ற வார்த்தையையும் எழுதிவைப்பது நல்ல பழக்கம். இருபது வருடம் கழித்து இந்த கார் யார் கைக்குப் போனாலும், அவர் ஏமாற மாட்டார்.

பழைய கார் என்று சொல்லி அதிக விலை கேட்டால் வாங்குபவர்கள் இவற்றைக் கவனிக்கலாம்:

ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூ இருக்கிறதா? ரிவெட் தலை மட்டும் புதிதாக மின்னுகிறதா? உடம்பு பளபளக்க, அடித்தட்டு மட்டும் துருப்பிடித்திருக்கிறதா? அச்சு முனையிலும் டயரிலும் பெயின்ட் துளி தெறித்திருக்கிறதா? கதவுக் கோடுகள் பெயின்ட்டில் நிரம்பி மழுங்கியிருக்கின்றனவா? இதில் இரண்டுக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால், அது மறுபெயின்ட் செய்த காராக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குரிய விலையை மட்டும் கொடுங்கள்.

சுருக்கமாக...

• அடித்தட்டைப் படித்து, காந்தம் வைத்து, வெடிப்பைப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

• ஒரிஜினல் பெயின்ட்டும் பெட்டியும் இருந்தால் தொடாதீர்கள். இந்தியாவில் வார்த்த பழைய கார் என்றால் கூடுதல் கவனம்.

• காய்ந்த நிலையில் தேய்ப்பது, தீயில் காட்டுவது, காஸ்டிக் சோடா, ஆசிட் எதுவும் வேண்டாம்.

• பிரைமர் கட்டாயம். மெல்லிய கோட், காலை நேரம், மூடிய டப்பா.

• மாற்றிய காரில் 'மறுபெயின்ட்' என்று எழுதிவையுங்கள். குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு வேலை முடியாது, நேரம் இல்லை என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்து, உலர்த்தி, எந்த ஆண்டு யார் வாங்கியது என்று ஒரு சீட்டில் எழுதிக் காரோடு வைத்துவிடுங்கள். வாங்கித் தந்தவர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். பெயின்ட்டை அடுத்த வருடம்கூட அடித்துக்கொள்ளலாம். அந்தத் தகவல் அதுவரை கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.